நானே கேட்டாலும் சொல்லாதே

"இந்தப் பயணத்துல என்கிட்டேயிருந்து ஒரு எழுத்து, ஒரு எண், ஒரு கமா கூட வெளியே போகாது. போச்சுன்னா என் மீசைய எடுத்துடறேன்!" என்று சபதம் செய்துவிட்டுத்தான் வெளிநாட்டுக்குக் கிளம்பினேன்.

"உங்களுக்குத்தான் மீசையே கிடையாதே" என்றாள் என் மனைவி.

என் சபதங்களுக்கு எங்கள் வீட்டில் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான்.

கடைகளில் ஐஸ்கிரீம் வைக்கிற பெரிய குளிர்பெட்டிகளைச் செய்யும் கம்பெனியில் நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஒரு முறை, கம்ப்யூட்டர் திருட்டைப் பற்றிய பயிற்சிக்கு எங்கள் பிரிவையே கூட்டிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் அங்கே கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வந்தார்கள். நான் பயந்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து ஆபீசில் யார் எழுந்து போனாலும் அவர்கள் கம்ப்யூட்டரை நான் போய்ப் பூட்டுவேன். கக்கூசுக்குப் போனாலும் பூட்டுவேன். தண்ணீர் குடிக்கப் போனாலும் பூட்டுவேன். இதனால் எனக்குத் 'தகவல் பாதுகாப்புப் பொறுப்பாளர்' என்று ஒரு பதவியும், 'பூட்டு' என்று ஒரு பட்டப்பெயரும் கிடைத்தன. பதவியை யாரும் சொல்வதில்லை.

இப்படி இருக்கும்போது, வெளிநாட்டில் இருக்கும் எங்கள் தலைமை அலுவலகத்தில் வருடாந்தரக் கூட்டம் வந்தது. அதில், 'பயணத்தில் தகவல் பாதுகாப்பு' என்ற தலைப்பில் நான் பேச வேண்டும். நன்றாகப் பேசினால் எல்லாக் கிளைகளுக்கும் பாதுகாப்புத் தலைவர் நான்தான் என்று மேனேஜர் சொன்னார். சொதப்பினால், கொள்முதல் பிரிவில் தலைக்கு ஜெல் தடவிக்கொண்டு ஒருவன் காத்திருக்கிறான், அவனுக்குப் போய்விடும் என்பதையும் அவரே சொன்னார். பத்து வருஷமாக அடுத்தவன் திரையைப் பூட்டியே தேய்ந்து போனவன் நான். எனக்கு வேறு வாய்ப்பு வரப்போவதில்லை.

அழைப்பில், 'துணையோடு வரலாம்' என்று ஒரு வரி இருந்தது. அதை நான் மனைவிக்குக் காட்டவில்லை. ஆனால் மேனேஜரின் மனைவி காட்டிவிட்டாள். அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால், பரணிலிருந்து ஒரு பெட்டி இறங்கிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது.

"இது எதுக்கு?"

"நானும் வர்றேன்ல?"

"நீ வந்தா உன் போனும் வரும்."

"வரட்டுமே. அது என்ன தனி சீட்டா கேக்குது?"

"புரியாம பேசாதே. வெளிநாட்டுல ஒரு ஆள் போனா ஒரு ஓட்டை. ரெண்டு ஆள் போனா ரெண்டு ஓட்டை."

"கட்டின பொண்டாட்டிய ஓட்டைங்கறீங்க."

"பாதுகாப்பு மொழியில சொன்னேன்."

"எந்த மொழியில சொன்னாலும் ஓட்டை ஓட்டைதான்."

"சரி, போனை இங்கேயே வெச்சிட்டு வர்றேன்" என்று அதற்குப் பிறகும் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். "அப்போ என் பழைய போனை யார் பாத்துக்கறது?" என்று கேட்டேன். பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டாள். போட்ட வேகத்தில் பரணிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு என் தலையில் விழுந்தது.

நீங்களே சொல்லுங்கள், நான் செய்ததில் என்ன தப்பு? பயிற்சியில் தெளிவாகச் சொன்னார்கள். வெளிநாடு போகும்போது வழக்கமான போனைக் கொண்டு போகக் கூடாது. அதில் நம் ஜாதகமே இருக்கும். அதை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுவிட்டு, ஒன்றுமே இல்லாத காலிப் போன், காலி லேப்டாப் எடுத்துக்கொண்டு போக வேண்டும். நான் மனைவியை நம்பிக்கையான ஆள் என்று தேர்ந்தெடுத்திருக்கிறேன். பெருமைப்பட வேண்டாமா? மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

லேப்டாப்பின் கேமராவை மூடுவதற்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"அதுக்கு எங்கே அடி பட்டுச்சு?" என்று கேட்டுக்கொண்டே துணி மடித்தாள்.

"யாராவது அது வழியா என்னைப் பாப்பாங்க."

"பாத்து?"

அதன் மேலேயே இன்னொரு பிளாஸ்திரி ஒட்டினேன். அவள் கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை.

பாஸ்வேர்டுக்கு மட்டும் நான் நிறைய யோசித்தேன். பிறந்தநாள் கூடாது. பெயர் கூடாது. வெளிநாட்டுத் திருடன் எத்தனை அகராதி வைத்திருந்தாலும் கண்டுபிடிக்க முடியாத சொல்லாக இருக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு அந்த மின்னல் வெட்டியது. தமிழ்ச் சொல்! அதிலும் எந்த வெளிநாட்டானின் நாக்கிலும் வராத 'ழ' இருக்கிற சொல்! ஒரு ழ போதாது, இரண்டு இருக்கட்டும். 'வாழைப்பழத்தோல்' என்று வைத்தேன். ஆங்கில எழுத்தில் அடித்தேன். எந்தத் திருடன் வந்தாலும் இந்தத் தோலில் வழுக்கி விழுவான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

கிளம்புகிற அன்று அவளை உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன்.

"என் பழைய போன் இந்த அலமாரியில இருக்கும். சார்ஜ் போட்டு வை. அதுல ஓ.டி.பி.ன்னு ஒரு நம்பர் வரும். வந்தா யாருக்கும் சொல்லக் கூடாது."

"சரி."

"பேங்க்குன்னு சொல்வான். சொல்லாதே. போலீஸ்னு சொல்வான். சொல்லாதே."

"சரி."

"நானே கேட்டாலும் சொல்லாதே."

துணியை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "நீங்களே கேட்டாலுமா?"

"நான்தான்னு எப்படித் தெரியும் உனக்கு?"

"உங்க குரல் எனக்குத் தெரியாதா?"

"அங்கேதான் ஏமாந்து போறாங்க எல்லாரும்! இப்பல்லாம் குரலையே செஞ்சுடறான். என்னை மாதிரியே பேசுவான், என்னை மாதிரியே இருமுவான்."

"உங்களை மாதிரியே கத்தவும் செய்வானா?"

"விளையாடாதே. புருஷனுக்கு மட்டும் தெரியக்கூடிய கேள்வியா நாலு கேளு. சரியா சொன்னாத்தான் நம்பணும்."

"என்னைப் பத்திக் கேக்கலாமா?"

"தாராளமா கேளு. உன்னைப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும்?"

அவள் சிரித்தாள். பெட்டி பரணுக்குப் போனதிலிருந்து அன்றுதான் சிரித்தாள். சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

பயணம் மிகப் பாதுகாப்பாக நடந்தது. விமான நிலையத்தில் பொது சார்ஜரில் போனைச் செருகவில்லை. போன் செத்துப் போனது. பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் பாவம், தன் சார்ஜரை நீட்டினார். நான் முறைத்த முறைப்பில் அவர் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார். ஓட்டலில் இலவச வைஃபை இருந்தது. தொடவில்லை. லேப்டாப்பை அறையில் விட்டுவிட்டு எங்கும் போகவில்லை. குளிக்கும்போதுகூடப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குளியலறைக்குக் கொண்டு போனேன். காலையில் சாப்பிடும்போது மடியில் வைத்துக்கொண்டேன். பரிமாறிய பெண் அதைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்குப் போன் பேசவில்லை. புது நம்பரை மனைவிக்குக் கொடுக்கவும் இல்லை. கொடுத்தால் அவள் போனில் பதிவாகும். அவள் போன் ஓட்டை என்பதை முன்பே சொல்லிவிட்டேன் அல்லவா?

கூட்டத்தன்று சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் என் பேச்சு. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் தயார் செய்து கொள்ளலாம் என்று நடைபாதையில், தண்ணீர் மிஷின் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டு கேட்டது. வாழைப்பழத்தோல் என்று அடித்தேன்.

தவறு என்றது.

மறுபடி அடித்தேன். தவறு. வியர்த்தது. ழ-வுக்கு 'இசட் ஹெச்' போட்டேனா, வெறும் 'எல்' போட்டேனா? வாழை-யில் எத்தனை 'ஏ'? பழத்துக்கு முன்னால் 'பி' ஒன்றா இரண்டா? த்-தோ-வுக்கு 'டி ஹெச்' ஒரு முறையா, இரண்டு முறையா, இல்லை ஒரு 'டி'யும் ஒரு 'டி ஹெச்'சுமா? ஒரே சொல்லை இத்தனை விதமாக எழுதலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. எழுதிப் பார்த்தேன். வெளிநாட்டுத் திருடனுக்காகப் போட்ட தோலில் நான் வழுக்கினேன். லேப்டாப் பூட்டிக்கொண்டது.

'உங்கள் பதிவு செய்த கைபேசிக்கு ஆறு இலக்க எண் அனுப்பட்டுமா?' என்று திரை கேட்டது. பதிவு செய்த கைபேசி எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. என் பேச்சு முழுக்க இந்த லேப்டாப்புக்குள் இருக்கிறது. வேறு எங்கும் பிரதி கிடையாது. பிரதி எடுத்தால் ஓட்டை.

அனுப்பு என்று அமுக்கிவிட்டு மனைவிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. தெரியாத நம்பரை எடுக்காதே என்று நான்தான் சொல்லியிருந்தேன். திரும்பத் திரும்பப் போட்டேன். கடைசியில் எரிச்சலோடு எடுத்தாள்.

"ஹலோ, யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

"நான்தான்டி, உன் புருஷன்!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்களாமே."

"எல்லாரும் ஏன்டி அப்படிச் சொல்றாங்க?"

"டி போட்டுப் பேசாதே, தம்பி. முன்னே பின்னே தெரியாத பொம்பளைங்ககிட்ட மரியாதையா பேசணும்."

தம்பி! கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை அவள் என்னென்னவோ சொல்லியிருக்கிறாள். தம்பி என்று சொன்னதில்லை.

"இதோ பார், வேடிக்கைக்கு நேரமில்லை. அலமாரியில என் போன் சத்தம் போட்டுச்சா?"

"போட்டுச்சு."

"ஒரு நம்பர் வந்திருக்கா?"

"வந்திருக்கு."

"படி."

"படிச்சேன்."

"வாய்விட்டுப் படி!"

"அதைத்தான் சொல்லக் கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிட்டுப் போயிருக்காரு."

"அந்த வீட்டுக்காரன் நான்தான்!"

"குரல் நல்லாவே செஞ்சிருக்க தம்பி. அந்த எரிச்சல்கூட அப்படியே வந்திருக்கு. எந்த மிஷின்ல செய்யற?"

பின்னாலிருந்து இன்னொரு குரல் கேட்டது. எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா. காலையில் காபி டம்ளரோடு எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடும். "யாரும்மா அது?"

"யாரோ ஒரு திருட்டுப் பையன், டாக்டர். எங்க வீட்டுக்காரர் மாதிரியே பேசறான்."

"ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன். பேப்பர்லதான் படிச்சிருக்கேன், நேர்ல கேட்டதில்லை."

"டாக்டரம்மா, நீங்களாவது சொல்லுங்க!" என்று கெஞ்சினேன். "என் கடைவாய்ப் பல்லை நீங்கதானே பிடுங்கினீங்க!"

"அடேங்கப்பா, பல்லு விவரம்கூடத் தெரிஞ்சு வெச்சிருக்கானே" என்றது டாக்டரம்மா பயத்தோடு. "இவன் பெரிய கும்பல்மா."

இதற்குள் திரையில், 'நேரம் முடிந்தது. எண் செல்லாது' என்று வந்துவிட்டது. மறுபடி அனுப்பச் சொன்னேன். அந்தப் பக்கம் அலமாரியில் 'டிங்' என்றது எனக்கே கேட்டது. இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு தொலைவில்!

"சரி, கேளு. கேள்வி கேளு. நான்தான் சொல்லிக் கொடுத்தேனே, நாலு கேள்வி."

"கேக்கலாமா?"

"கேளேன்!"

"என் பிறந்தநாள் என்னைக்கு?"

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. இதைப் போய்க் கேட்கிறாளே. வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அவள் பிறந்தநாள்தான் ஒரு காலத்தில் என் பாஸ்வேர்டு. தினமும் விரல் தானாக அடிக்கும். பிறந்தநாளைப் பாஸ்வேர்டாக வைக்கக் கூடாது என்று பயிற்சியில் சொன்னதும் மாற்றினேன். அதற்குப் பிறகு அந்தத் தேதிக்கு என்னிடம் வேலை இல்லாமல் போயிற்று.

"மழைக்காலத்துல... ஒரு வெள்ளிக்கிழமை..."

"கிழமை வருஷா வருஷம் மாறும், தம்பி. அடுத்தது. நான் எங்கே வேலை பாக்கறேன்?"

"அச்சாபீஸ்ல! அச்சாபீஸ்ல பிழை திருத்தறே!" என்று கூவினேன்.

"அதை விட்டுட்டு பஸ் டிப்போவுக்கு மாறி ரொம்ப நாளாச்சே. எந்த பஸ் எப்போ கிளம்பணும்னு நேரம் போடற பிரிவு."

"என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அப்போ அவர் போன்ல ஏதோ அப்டேட் ஓடிட்டிருந்துச்சு. தலையை ஆட்டினாரு."

"ஸ்வீட் வாங்கிட்டு வந்து எனக்குக்கூடக் கொடுத்தியே" என்றது டாக்டரம்மா.

திரையில் நேரம் முடிந்தது. மறுபடி அமுக்கினேன். 'இதுவே கடைசி முறை. இதுவும் தவறினால் நாளை முயலவும்' என்று வந்தது. நாளை! நாளைக்கு நான் பாதுகாப்புத் தலைவராக இருப்பேன், அல்லது ஜெல் தலையனுக்குக் கீழே இருப்பேன். கூட்ட அறையின் கதவைத் திறந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்ன பூட்டு, ரெடியா? எல்லாரும் உட்கார்ந்தாச்சு." நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

"அக்கா, கொஞ்சம் தயவு பண்ணுங்கக்கா..."

சத்தியமாகச் சொல்கிறேன், அது வாய் தவறி வந்தது. அவள் தம்பி தம்பி என்று சொல்லிச் சொல்லி, என் வாயில் அக்கா வந்துவிட்டது.

"பாத்தீங்களா டாக்டர்! உண்மை வெளியே வந்துடுச்சு!"

"வெச்சிடுமா போனை. போலீசுக்குச் சொல்லிடலாம்."

"இருங்க டாக்டர், பாவம், நாலு கேள்வின்னு சொல்லியிருக்காரு. இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு." பிறகு என்னிடம் கேட்டாள். "தம்பி, எனக்கு என்ன ஆபரேஷன் நடந்துச்சு?"

இது எனக்குத் தெரியும். ஆபரேஷன் நடந்தது நன்றாகத் தெரியும். அன்று நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் இருந்தவன் ஒரு பெரிய நோட்டை நீட்டி, உள்ளே போகிறவர்கள் செல் நம்பர் எழுத வேண்டும் என்றான். எதற்கு என்று கேட்டேன். பதில் சொல்லத் தெரியவில்லை அவனுக்கு. யார் யார் பார்க்கிற நோட்டோ! பொது இடத்தில் நம்பர் எழுதக் கூடாது என்பது அடிப்படை விதி. அவனோடு வாதாடிப் பார்த்தேன். விடவில்லை. திரும்பி வந்துவிட்டேன். கொள்கை என்று ஒன்று இருக்கிறதா இல்லையா? இதைப் போய் ஒருத்தி இத்தனை நாள் மனசில் வைத்திருப்பாளா?

"வயித்துல..." என்றேன்.

"தொண்டையில" என்றது டாக்டரம்மா. "கட்டி. நான்தான் கூட இருந்தேன்."

"வயித்துலேயும் இருந்திருக்கலாம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

பக்கத்தில் தண்ணீர் மிஷின் களக் களக் என்றது. திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு அவள் பேசினாள். குரலில் கேலி போய்விட்டிருந்தது.

"தம்பி, நீ ஏமாத்த வந்தவன்தான். இருந்தாலும் இவ்வளவு நேரம் குறுக்கே பேசாம நான் சொல்றதைக் கேக்கற. எங்க வீட்டுல அந்தப் பழக்கமில்லை. அதனால சொல்றேன். எங்க வீட்டுக்காரர் நல்லவர்தான். குடி கிடையாது, அடி கிடையாது. எல்லாத்தையும் பூட்டி வைப்பாரு. நான் போன்ல ஏதாவது பாத்துச் சிரிச்சா, 'எந்த லிங்க்கை அமுக்கினே?'ன்னு ஓடி வருவாரு. எதுக்குச் சிரிச்சேன்னு கேக்க மாட்டாரு. ராத்திரி வாசக் கதவைப் பூட்டிட்டு, மூணு தரம் இழுத்துப் பாப்பாரு. உள்ளே நான் இருக்கேனான்னு பாக்க மாட்டாரு."

"அப்படியெல்லாம்..." என்று ஆரம்பித்தேன்.

"குறுக்கே பேசாதே. கடைசிக் கேள்வி. இந்தப் பயணத்துக்கு நானும் வர்றேன்னு ஏன் கேட்டேன்?"

கடைசி எண்ணின் நேரம் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. நான் யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன்.

"ஊர் சுத்திப் பாக்க?"

"இல்லை."

"கடை கண்ணிக்குப் போக?"

"இல்லை."

"மேனேஜர் பொண்டாட்டி வர்றா, அதனால நீயும்..."

"இல்லை, தம்பி. விமானம் கிளம்பும்போது போனை அணைக்கச் சொல்லுவாங்களாம். டி.வி.யில பாத்தேன். அவ்வளவு நேரம் அவர் கையில போன் இருக்காது. பக்கத்து சீட்ல நான் இருப்பேன். ஏதாவது பேசுவாருன்னு நினைச்சேன்."

"ஐயோ பாவம்" என்றது டாக்டரம்மா.

அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. விமானத்தில் போன் செத்துப் போய், வழியெல்லாம் முன் சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன் என்று சொல்லலாமா? சொன்னால் இன்னும் கேவலம்.

"எனக்குத் தெரியலை" என்றேன். "நீ கேட்டது ஒண்ணுமே எனக்குத் தெரியலை."

"எழுதிக்கோங்க" என்றாள்.

காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. 'ங்க' திரும்பி வந்திருந்தது! தம்பியிலிருந்து நான் மறுபடி புருஷனாகிவிட்டேன். அவள் ஆறு எண்களையும் நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் அடித்தேன். திரை திறந்தது. என் பேச்சு, என் படங்கள், என் பதவி, எல்லாம் பத்திரமாக உள்ளே இருந்தன. கூட்ட அறையிலிருந்து என் பெயரைச் சொல்லி அழைத்தார்கள்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டே!" என்று டாக்டரம்மா அந்தப் பக்கம் பதறிக்கொண்டிருந்தது. "கொடுத்துட்டியே! அவன் ஒரு கேள்விக்கும் சரியா சொல்லலையே!"

எனக்கோ மனசெல்லாம் குளிர்ந்துவிட்டது. என்ன இருந்தாலும் கட்டினவள் அல்லவா? நான் சொன்னதில் ஏதோ ஒன்று அவள் மனசைத் தொட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை சரியாக இருந்திருக்குமோ? எழுந்து உள்ளே போவதற்கு முன் கொஞ்சம் குழைந்து கேட்டேன்.

"கடைசியில நம்பிட்டே பாத்தியா? எந்தப் பதிலை வெச்சும்மா கண்டுபிடிச்சே, நான்தான்னு?"

"திருடனா இருந்தா ஒண்ணு ரெண்டாவது விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டு வந்திருப்பாங்க" என்றாள். "ஒண்ணுமே தெரியலைன்னதும்தான், சந்தேகமே இல்லை, நீங்கதான்னு நிச்சயமாச்சு."